அவுட்ரேஜ் பியாண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யகுசா என்ற ஜப்பானியக் குற்றக் கும்பல்களைப் பற்றி ஜப்பானிய இயக்குநர் டகேஷி கிட்டானோ எடுத்த மூன்று ‘அவுட்ரேஜ்’ படங்களில் நடுவில் வருவது இது. படத்தைப் பார்த்தவர்களும் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் சில பதில்களில் இந்தப் படத்தின் கதை வெளிப்படாது. அதற்கு மேல் படிக்கக்கூடாத இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

இது எந்த மாதிரிப் படம்?

இரண்டு யகுசா சிண்டிகேட்டுகளுக்கு இடையில் நடக்கும் ஆட்டம். டோக்கியோவைச் சுற்றியுள்ள கான்டோ வட்டாரத்தைக் கையில் வைத்திருப்பது சான்னோ-காய். ஒசாகா இருக்கும் கான்சாய் வட்டாரம் ஹனாபிஷி-காய் வசம். வெளியே இரண்டும் நட்பு. உள்ளுக்குள் ஒன்றை ஒன்று விழுங்கக் காத்திருக்கின்றன. அந்த வேளையில் ஒரு போலீஸ்காரர், சிறையிலிருந்து வரும் ஒரு பழைய யகுசாவைக் கூட்டி வந்து நடுவில் நிறுத்துகிறார்.

படம் 2012இல் வந்தது, 112 நிமிடம். அந்த ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டு, அக்டோபரில் ஜப்பான் திரையரங்குகளுக்கு வந்தது. எழுதி இயக்கியதோடு, ஓட்டோமோ என்ற மையப் பாத்திரத்திலும் கிட்டானோவே நடித்திருக்கிறார். நடிக்கும்போது மட்டும் அவர் பெயர் ‘பீட் டகேஷி’ என்று திரையில் வரும். அது அவர் மேடை நகைச்சுவைக் கலைஞராக இருந்த காலத்துப் பெயர்.

முதல் பாகம் பார்க்காமல் இதைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் பாதி ருசி போய்விடும். இந்தப் படத்தில் நடக்கும் ஒவ்வொரு பழிவாங்கலுக்கும் கடன் பத்திரம் எழுதப்பட்டது 2010இல் வந்த ‘அவுட்ரேஜ்’ படத்தில்தான். 109 நிமிடம் ஒதுக்க முடிந்தால் அதை முதலில் பாருங்கள்.

முடியாதவர்களுக்குச் சுருக்கம் இது. சான்னோ-காயின் தலைவர் செக்கியுச்சி. அவருக்குக் கீழே இகெமோட்டோ என்று ஒரு குழுத் தலைவன். அவனுக்குக் கீழே ஒரு சின்னக் குழுவை நடத்துகிறவன் ஓட்டோமோ. இகெமோட்டோ சிறையில் இருந்தபோது முராசே என்ற வெளி ஆளோடு சகோதர உறவு வைத்துக்கொண்டது தலைவருக்குப் பிடிக்கவில்லை. முராசேயைத் தட்டி வை என்று உத்தரவு வருகிறது. இகெமோட்டோ தன் கையில் கறை படாமல் அந்த வேலையை ஓட்டோமோ தலையில் கட்டுகிறான். ஓட்டோமோ சொன்னதைச் செய்கிறான். முராசேயின் வலதுகையான கிமுராவின் முகத்தைக் கத்தியால் கீறுகிறான். கடைசியில் மேலே இருப்பவர்கள் கைகழுவிவிட, ஓட்டோமோவின் ஆட்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். அவனுடைய கணக்குவழக்கைப் பார்த்த இஷிஹாரா கட்சி மாறுகிறான். செக்கியுச்சிக்கு அடுத்த இடத்தில் இருந்த கட்டோ, தலைவரையே சுட்டுக் கொன்றுவிட்டு நாற்காலியில் உட்காருகிறான். சரணடைந்து சிறைக்குப் போன ஓட்டோமோவை, அங்கே கிமுரா கத்தியால் குத்துவதோடு அவன் கதை முடிந்ததுபோல் தெரியும்.

அப்படியானால் ஓட்டோமோ சாகவில்லையா?

சாகவில்லை. செத்துவிட்டான் என்ற பேச்சுதான் வெளியே பரவியிருக்கிறது. இரண்டாம் பாகத்துக்காகக் கதாநாயகனை உயிர்ப்பிப்பது மலிவான வேலைதான். இங்கே அது உறுத்தாததற்குக் காரணம், திரும்பி வரும் ஓட்டோமோவுக்கு எந்த உற்சாகமும் இல்லை என்பது. தோற்று, வயதாகி, ‘என்னை விட்டுவிடுங்கள்’ என்ற முகத்தோடுதான் வருகிறான். படத்தின் முதல் பாதி முழுக்க அவனைச் சண்டைக்கு இழுக்க மற்றவர்கள்தான் பாடுபடுகிறார்கள்.

படம் 2011இலேயே தொடங்கியிருக்க வேண்டியது. அந்த மார்ச் மாதம் வடகிழக்கு ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கமும் சுனாமியும் அதைத் தள்ளிப்போட்டன.

பெயர்கள் குழப்புகின்றன. யாரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்?

ஏழு பேர் போதும். சான்னோ பக்கம் தலைவர் கட்டோ, அவருக்கு அடுத்த இடத்தில் இஷிஹாரா. ஹனாபிஷி பக்கம் தலைவர் ஃபுசே, இரண்டாம் இடத்தில் நிஷினோ. யாரோடும் சேராமல் ஓட்டோமோவும் கிமுராவும். எல்லோரையும் ஆட்டிவைக்கும் போலீஸ் துப்பறிவாளர் கட்டாவோகா ஏழாவது.

நடிகர் தேர்வைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்ல வேண்டும். கட்டோவாக நடித்திருப்பவர் டோமோகாசு மியுரா. 1970களில் பாடகி மோமோயே யமகுச்சியோடு காதல் படங்களில் ஜோடியாக நடித்து, அவரையே மணந்துகொண்டவர். ஜப்பானில் ஒரு தலைமுறைக்கே கண்ணியமான காதலன் முகம் அது. நிஷினோவாக வரும் டோஷியுகி நிஷிதா, குடும்பத்தோடு பார்க்கும் நகைச்சுவைப் படங்களில் எல்லோரும் நேசித்தவர். 2024 அக்டோபரில் மறைந்தார். இப்படிப்பட்ட முகங்களைக் கொண்டுவந்து கொலைக்கு உத்தரவு போட வைக்கிறார் கிட்டானோ. இந்த மனிதரா இப்படி என்ற அதிர்ச்சி ஜப்பானிய ரசிகருக்கு முதல் காட்சியிலேயே கிடைத்துவிடும். நமக்கு அது தெரியாது என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

இந்த இரண்டு சிண்டிகேட்டுகளும் உண்மையில் இருக்கின்றனவா?

இல்லை, இரண்டும் கற்பனை. ஆனால் பின்னணி உண்மை. ஜப்பானின் மிகப் பெரிய யகுசா அமைப்பான யமகுச்சி-குமி, 1915இல் கோபே நகரில் தொடங்கியது. கான்சாய்தான் அதன் தாய்நிலம். டோக்கியோவில் சுமியோஷி-காய், இனகாவா-காய் போன்றவை வேரூன்றியவை. மேற்கே இருப்பவர்கள் கிழக்கே கால் வைப்பது எப்போதுமே தகராறுக்குரிய விஷயம். 2005இல் டோக்கியோவின் பழைய அமைப்பான கோக்குசுய்-காய் யமகுச்சி-குமியோடு இணைந்தபோது அந்தக் கால் அழுத்தமாகவே பதிந்தது. 2007 பிப்ரவரியில் டோக்கியோ தெருக்களில் துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. இந்தப் படத்தின் ஜப்பானிய ரசிகருக்கு, ஒசாகாக்காரர்கள் சிரித்துக்கொண்டே டோக்கியோவைத் தின்னும் கதை செய்தித்தாளில் படித்ததுபோலத்தான் இருந்திருக்கும்.

ஏன் எல்லோரும் இப்படிக் கத்துகிறார்கள்?

கிட்டானோவின் பழைய படங்களைப் பார்த்தவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். 1993இல் வந்த ‘சொனாட்டினே’யிலும், 1997இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வென்ற ‘ஹனா-பி’யிலும் மனிதர்கள் பேசவே மாட்டார்கள். கடலைப் பார்த்து நிற்பார்கள், திடீரென்று சுடுவார்கள், மறுபடி மௌனம். இங்கே அப்படியே தலைகீழ். படம் பெரும்பாலும் அறைகளுக்குள் நடக்கிறது. சோபா, தேநீர்க் கோப்பை, கறுப்பு சூட் அணிந்த ஆண்கள், அப்புறம் வசைமாரி.

இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. கிட்டானோ ‘டூ பீட்’ என்ற இரட்டையரில் ஒருவராக, ஒருவரை ஒருவர் வெட்டிப் பேசும் மான்சாய் என்ற மேடை நகைச்சுவையில் வளர்ந்தவர். யார் எப்போது குறுக்கிட வேண்டும், எத்தனை நொடி விட்டு அடுத்த வசவு வர வேண்டும் என்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓட்டோமோவும் கிமுராவும் உதவி கேட்டு ஒசாகாவுக்குப் போகும் காட்சியைப் பாருங்கள். நிஷினோவும் நகாட்டா என்ற மற்றொரு பெரிய தலையும் கான்சாய் வட்டார வழக்கில் சீறுகிறார்கள், ஓட்டோமோ டோக்கியோ பாணியில் திருப்பிச் சீறுகிறான். மான்சாயின் தாளமேதான், சிரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் உயிர்ப்பயம் இருக்கிறது. துப்பாக்கியே வெளியே வராத அந்தச் சில நிமிடங்கள்தான் என்னைப் பொறுத்தவரை படத்தின் மிகப் பெரிய சண்டைக் காட்சி.

இன்னொன்றும் கவனியுங்கள். உண்மையான அதிகாரம் உள்ளவன் கத்த மாட்டான். ஃபுசேயின் குரல் ஒருமுறைகூட உயராது. கட்டோ தலைவராக நிமிர்ந்து இருக்கும்வரை மெதுவாகப் பேசுவான். நாற்காலி ஆடத் தொடங்கியதும் முகம் மாறும். இஷிஹாராவோ தொடக்கம் முதலே கத்துகிறான். அவனுக்குக் கிடைத்த பதவி அவனுக்குத் தாங்காது என்பதை அந்தக் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

படம் பார்க்க நினைப்பவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். இனி வரும் பதில்களில் கதை முழுவதும் இருக்கிறது.

சான்னோ-காய் அவ்வளவு பலமாக இருந்தும் ஏன் சரிந்தது?

கட்டோவின் ஆட்சியில் அது ஒரு நிறுவனம்போல ஆகிவிட்டது. அரசியல்வாதிகளோடு உறவு, முதலீடு, வெளிநாட்டுப் பணம். சம்பாதித்துக் கொடுப்பவனுக்குப் பதவி, வயதுக்கு மதிப்பில்லை. கேட்பதற்கு நவீனமாகத்தான் இருக்கிறது. ஆனால் யகுசா அமைப்பில் கீழே இருப்பவன் மாதாமாதம் மேலே பணம் கட்டுகிறான். பதிலுக்கு அவனுக்குக் கிடைப்பது மரியாதையும் பாதுகாப்பும். இஷிஹாரா வந்தபின் பணம் மட்டும் மேலே போகிறது, மரியாதை கீழே வரவில்லை. டோமிதா, ஷிராயாமா, கோமி என்ற மூத்த ஆட்களைக் கூட்டத்தில் வைத்து அவன் திட்டுகிறான். அவர்கள் மனதில் புகைந்துகொண்டிருப்பதைக் கட்டாவோகா மோப்பம் பிடிக்கிறார்.

டோமிதாவை அவர் ஒசாகாவுக்குத் தூண்டி அனுப்புகிறார். உங்கள் ஆள் இங்கே வந்து உங்களைப் பற்றி இப்படிப் பேசினான் என்று ஹனாபிஷி, கட்டோவிடம் நல்ல பிள்ளையாகச் சொல்லிவிடுகிறது. டோமிதா கொல்லப்படுகிறான். இந்த ஒரு காட்சியில் ஹனாபிஷியின் முழு அரசியலும் அடங்கியிருக்கிறது. நட்பு ஒப்பந்தத்தைக் காப்பாற்றியதுபோல ஒரு நல்ல பெயர், எதிரி முகாமில் ஒரு பெரிய தலை குறைந்தது என்ற லாபம், இரண்டும் செலவில்லாமல்.

இது விசுவாசத்தைப் பற்றிய படம் என்கிறார்கள். ஆனால் எல்லோரும் துரோகிகளாக இருக்கிறார்களே?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

யகுசா உலகத்தில் விசுவாசம் மனதில் மட்டும் வைத்திருக்கும் விஷயமல்ல, அதற்குச் சடங்கு உண்டு. தலைவனைத் தந்தை ஸ்தானத்திலும் தொண்டனைப் பிள்ளை ஸ்தானத்திலும் வைத்து, சன்னதி முன்னால் சாக்கே மதுவைக் கிண்ணத்தில் பகிர்ந்து குடித்தால் உறவு உறுதியாகிறது. சமமானவர்கள் என்றால் அண்ணன் தம்பி. இந்தச் சடங்குகளுக்கு இருக்கும் கம்பீரத்தைக் கொண்டாடி 1960களில் ஜப்பானில் ஏராளமான படங்கள் வந்தன. தர்மத்துக்கும் பாசத்துக்கும் நடுவில் கண்கலங்கி நிற்கும் நல்ல யகுசா, கடைசியில் வாளோடு தனியாக நடப்பான். 1970களில் கின்ஜி ஃபுகாசாகு போன்றவர்கள் அந்த மாயையை உடைத்து, யகுசாக்களைப் பசித்த நாய்களாகக் காட்டினார்கள்.

கிட்டானோ இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. அவர் கேட்பது வேறு: சடங்கு செய்து வைத்த விசுவாசத்தால் யாருக்கு லாபம்? படத்தைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். கிண்ணம் பகிர்ந்த உறவு ஒவ்வொன்றும் உடைகிறது. தந்தை ஸ்தானத்தில் இருந்த செக்கியுச்சியைக் கட்டோ கொல்கிறான். இஷிஹாரா ஓட்டோமோவை விட்டு ஓடுகிறான். தலைவர் கொல்லப்பட்டதை அறிந்த காவலாள் ஃபுனாக்கி, கொன்றவனிடமே வேலை பார்க்கிறான். உண்மை வெளியே வந்ததும், நேற்றுவரை கட்டோ முன் தலைகுனிந்த ஷிராயாமா அவன் நாற்காலியில் போய் உட்காருகிறான். விதி என்பது இவர்களுக்கு அடுத்தவனை மாட்டிவிட உதவும் கருவி. சொந்தத் தலைவனைக் கொன்றவன் என்ற குற்றச்சாட்டுதான் கட்டோவை வீழ்த்துகிறது. அதைச் சுமத்துகிறவர்களில் ஒருவருக்கும் செக்கியுச்சி மேல் துளி பாசம் கிடையாது.

இதற்கு எதிரில் ஓட்டோமோவையும் கிமுராவையும் வையுங்கள். ஒருவன் மற்றவனின் முகத்தைக் கிழித்தவன். மற்றவன் இவன் வயிற்றில் கத்தி இறக்கியவன். இருவருக்கும் நடுவில் சடங்கு இல்லை, நன்றிக்கடன் இல்லை, பொதுவான தலைவன் இல்லை. கிமுரா மன்னிப்புக் கேட்க வரும்போது, முதலில் செய்தது நான்தானே என்ற பாவனையில் ஓட்டோமோ அதை முடித்துவைக்கிறான். கணக்கு சரி, அவ்வளவுதான். பெரிய வசனம் எதுவும் கிடையாது. இந்தப் படத்தில் கடைசிவரை உடையாமல் இருக்கும் உறவு அது ஒன்றுதான்.

கிமுரா ஒரு பேட்டிங் சென்டர் நடத்துகிறான், காசு போட்டால் இயந்திரம் பந்து வீசும் இடம். அவனிடம் ஷிமா, ஓனோ என்று இரண்டு இளைஞர்கள். ஓட்டோமோவுக்குக் காவலாக அனுப்பப்படுகிறார்கள். அவன் மேல் தாக்குதல் நடந்து, காப்பாற்ற முடியாமல் போனதற்குத் தாங்களே ஈடு செய்ய வேண்டும் என்று கிளம்பிப் போய்ச் செத்துவிடுகிறார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. சண்டை வேண்டாம் என்று விலகியே நின்ற ஓட்டோமோ எழுந்துகொள்வது இந்தச் சாவுக்குப் பிறகுதான். சான்னோ செய்த பழைய துரோகம் அவனை எழுப்பவில்லை, பதவி ஆசையும் எழுப்பவில்லை. இரண்டு பையன்கள் செத்தது எழுப்பியது. கிட்டானோ இதை அழுத்திச் சொல்லாமல் கடந்துபோவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது.

கிமுரா விரலைக் கடித்துத் துப்புவது ஏன்?

சுண்டுவிரல் நுனியை வெட்டிக் கொடுப்பது யகுசாக்களின் பழைய மன்னிப்புச் சடங்கு. துணி விரித்து, கத்தி வைத்து, முறையாகச் செய்வார்கள். ஒசாகாவில் பேச்சு முற்றி எல்லாம் கைநழுவப் போகும் நேரத்தில் கிமுரா சட்டென்று தன் விரலையே கடித்துத் துண்டாக்குகிறான். கத்தி கேட்கவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. எதிரே இருக்கும் பெரிய மனிதர்களுக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ஹனாபிஷி ஆட்களைத் தருகிறது. தருவது இரக்கத்தால் அல்ல. இவ்வளவு தூரம் போகக்கூடிய இருவரை சான்னோ மேல் ஏவிவிட்டால் நமக்கு நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டுத்தான்.

வன்முறை எந்த அளவுக்கு?

முதல் பாகத்தைவிடக் குறைவாகவே கண்ணுக்குத் தெரியும். பல் மருத்துவர் நாற்காலியில் நடப்பது போன்ற, காட்டியே தீர்க்கும் காட்சிகள் அதில் இருந்தன. இங்கே முக்கியமான சித்திரவதைகள் முகம் மூடப்பட்ட நிலையில் நடக்கின்றன. ஃபுனாக்கியை வாய் திறக்க வைப்பது அப்படித்தான். இஷிஹாராவை நாற்காலியில் கட்டி, பந்து வீசும் இயந்திரத்துக்கு எதிரே உட்கார வைக்கிறான் ஓட்டோமோ. இயந்திரத்துக்குக் கோபம் கிடையாது, சோர்வும் கிடையாது. ஒரே வேகத்தில் பந்து வந்துகொண்டே இருக்கிறது. பணத்தையும் திறமையையும் மட்டும் மதித்தவன் ஒரு இயந்திரத்தின் முன்னால் முடிந்துபோகிறான்.

குழந்தைகளோடு பார்க்கவே வேண்டாம். ரத்தம் பார்த்தால் மயங்குபவர்களும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கட்டாவோகா நல்லவரா கெட்டவரா?

படத்திலேயே மோசமானவர் அவர்தான் என்பேன். யகுசாக்களாவது தங்களை யகுசாக்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இவர் ஓட்டோமோவுக்குக் கல்லூரி பாக்ஸிங் கிளப்பில் ஜூனியர். அந்தப் பழைய உறவைச் சொல்லி ‘அண்ணா’ என்று குழைவார். சான்னோவிடம் பணம் வாங்குவார், மேலதிகாரிகளிடம் சான்னோவை ஒழிக்கிறேன் என்பார், ஹனாபிஷிக்குத் தூண்டில் போடுவார். யகுசாக்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டால் போலீஸுக்கு லாபம் என்பது அவர் சொல்லும் நியாயம். கூட வேலை பார்க்கும் ஷிகெட்டா என்ற இளையவருக்கு அந்த நியாயம் நாளாக நாளாகக் கசக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தால் நம் முகம் தெரியும்.

ஃபுமியோ கோஹினாட்டா இந்தப் பாத்திரத்தைச் சிரித்துக்கொண்டே செய்கிறார். உயரமில்லாத, மென்மையான, பக்கத்து வீட்டு அரசு ஊழியர் மாதிரி ஒருவர். மற்றவர்கள் கோபம், பயம், பேராசை என்று ஏதோ ஒன்றுக்கு அடிமை. இவருக்கு யார் செத்தாலும் வேலை நடந்தால் சரி. விசுவாசம் என்ற பேச்சையே வாயில் வைத்துக்கொண்டு, யாருக்கும் விசுவாசமாக இல்லாமல் வாழ்பவர் இவர் ஒருவர்தான்.

சாங் யார்? அவருக்கு ஏன் எல்லோரும் பயப்படுகிறார்கள்?

சாங் ஜப்பானில் வாழும் கொரியர், திரைமறைவில் பெரிய செல்வாக்கு உள்ளவர். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனியாக இருந்தது. அப்போது வந்தவர்களும் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பெரும் எண்ணிக்கையில் ஜப்பானிலேயே தங்கிவிட்டார்கள். வேலையிலும் வீட்டு வாடகையிலும்கூடப் பாகுபாட்டைச் சந்தித்த சமூகம் அது. சாங் அந்த வரலாற்றிலிருந்து வருபவர். படம் அதை விளக்குவதில்லை. அவர் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்கும் மனிதர்களை மட்டும் காட்டுகிறது.

ஓட்டோமோ சிறையிலிருந்து வந்ததும் தங்க இடம் கொடுப்பவர் அவர்தான். கேள்வி கேட்பதில்லை, பதிலுக்கு எதுவும் எதிர்பார்ப்பதும் இல்லை. ஜப்பானிய அமைப்புகளுக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம்தான் ஓட்டோமோவுக்கு நிம்மதி கிடைக்கிறது என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

பெண்களே இல்லையே?

கிட்டத்தட்ட இல்லை. தொடக்கத்தில் துறைமுகத்துத் தண்ணீரிலிருந்து தூக்கப்படும் காரில், கொல்லப்பட்ட போலீஸ்காரரோடு ஒரு விடுதிப் பெண்ணின் உடலும் இருக்கிறது. அவளைப் பற்றி யாரும் இரண்டாவது முறை பேசுவதில்லை. அந்த உலகம் அப்படித்தான் என்று வாதாடலாம். என்றாலும் இதை இந்தப் படத்தின் குறையாகவே எண்ணுகிறேன். அந்த ஆண்கள் யாருடைய வீட்டை நாசமாக்கிவிட்டு வந்து இந்தச் சோபாக்களில் உட்காருகிறார்கள் என்று ஒருமுறையாவது காட்டியிருக்கலாம்.

கடைசியில் ஓட்டோமோ ஏன் கட்டாவோகாவைச் சுடுகிறான்?

சான்னோ உடைந்துவிட்டது. நாற்காலி இழந்த கட்டோவை ஒரு பச்சிங்கோ கடையில், விளையாட்டு இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, ஓட்டோமோ கத்தியால் குத்தி முடித்துவிட்டான். கிமுரா ஹனாபிஷியோடு கிண்ணம் பகிர்ந்து சொந்தக் குழு தொடங்கினான். ஓட்டோமோவுக்கும் அந்த வாய்ப்பு இருந்தது. அவன் வேண்டாம் என்று விலகிக்கொண்டான். பிறகு கிமுரா கொல்லப்படுகிறான். அந்தச் சாவுக்குப் பின்னாலும் கட்டாவோகாவின் கைவேலை இருக்கிறது. அடுத்த சுற்றுச் சண்டையை மூட்ட அவருக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது.

இறுதிச் சடங்குக்கு ஓட்டோமோ வெறுங்கையோடு வருகிறான். உள்ளே எதிரிகள் இருக்கிறார்கள், வெறுங்கையோடு போகாதீர்கள் என்று கட்டாவோகா துப்பாக்கியைக் கையில் கொடுக்கிறார். உள்ளே போய் யகுசாக்களைச் சுடுவான், தன் திட்டம் நிறைவேறும் என்பது அவர் எண்ணம். ஓட்டோமோ வாங்கிய கையோடு அவரையே சுடுகிறான். படம் அந்த நொடியில் முடிகிறது.

பலரும் இதைத் திருப்பம் என்று சொல்கிறார்கள். எனக்கு இது கிமுராவுக்கு ஓட்டோமோ செய்யும் கடைசி மரியாதை. யார் உண்மையில் கொன்றது என்று புரிந்துகொண்டு, அந்த ஆளை மட்டும் தண்டிக்கிறான். அவனை ஏவிவிட்டு லாபம் பார்த்தவர்கள் இதுவரை பல பேர். முதல் முறையாக அவன் யாரும் ஏவாமல் சுடுகிறான்.

உண்மையான யகுசாக்கள் இன்றும் இவ்வளவு பலமாக இருக்கிறார்களா?

இல்லை. ஜப்பான் போலீஸ் கணக்குப்படி 1963இல் உச்சத்தில் சுமார் 1,84,000 பேர் இருந்தார்கள். படம் வந்த 2012இல் அது சுமார் 63,000. 2024 முடிவில் 20,000க்கும் கீழே போய்விட்டது. 1992இல் நடைமுறைக்கு வந்த வன்முறைக் கும்பல் தடுப்புச் சட்டம் முதல் அடி. 2011 அக்டோபருக்குள் நாடு முழுக்க வந்த உள்ளூர் ஒழிப்பு விதிகள் அதைவிடப் பெரிய அடி. யகுசாக்களோடு வியாபாரம் செய்பவர்களையும் இவை பிடிக்கும் என்பதால், வங்கிக் கணக்கு, வாடகை வீடு, கைபேசி எல்லாமே அவர்களுக்குக் குதிரைக்கொம்பாகிவிட்டன. அந்த ஆண்டு ஆகஸ்டில், யகுசா தொடர்பு வெளியே வந்ததால் ஜப்பானின் மிகப் பிரபலமான தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர் துறையை விட்டே விலகினார்.

இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால், கட்டோவும் இஷிஹாராவும் ஏன் கம்பெனி நடத்துவதுபோல நடந்துகொள்கிறார்கள் என்பது புரியும். பழைய வழியில் பிழைக்க முடியாத காலம் தொடங்கிவிட்டது. 2015 ஆகஸ்டில் யமகுச்சி-குமியே இரண்டாகப் பிளந்தபோது, விலகியவர்கள் சொன்ன குறைகளில் மேலே கட்ட வேண்டிய பணத்தின் சுமையும் ஒன்று. சான்னோவின் மூத்தவர்கள் திரையில் முணுமுணுத்ததும் இதே மாதிரியான குறைதான்.

மூன்றாம் பாகம் அவசியமா?

2017இல் வந்த ‘அவுட்ரேஜ் கோடா’, வெனிஸ் விழாவின் நிறைவுப் படம். ஓட்டோமோ கொரியாவின் ஜேஜு தீவில் சாங்கின் நிழலில் ஒதுங்கி வாழ்வதிலிருந்து தொடங்கும். ஹனாபிஷிக்குள்ளேயே பதவிச் சண்டை மூள்கிறது. நிஷினோவாக நிஷிதாவை இன்னொரு முறை பார்ப்பதற்காகவே பார்க்கலாம். ஆனால் எழுத்தின் இறுக்கம் நடுப்படத்தில்தான் அதிகம்.

எந்த மொழியில் பார்ப்பது நல்லது?

ஜப்பானிய ஒலியோடு, வசனவரி போட்டுப் பாருங்கள். டப்பிங்கில் பார்த்தால் ஒசாகாக்காரர்களின் வழக்கும் டோக்கியோக்காரர்களின் வழக்கும் ஒன்றாகிவிடும், ஒசாகாக் காட்சியின் பாதி உயிர் அங்கேயே போய்விடும். முதல் முறை வசனவரியைத் துரத்துவதிலேயே நேரம் போகும், பெயர்கள் குழம்பும். யார் யாருக்குத் தலைகுனிகிறார்கள், யார் உட்கார்ந்திருக்கும்போது யார் நிற்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள்; கதை தானாகப் பிடிபடும்.